கேட்டது பிச்சையல்ல

‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்பது பழமொழி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லாத உறவினர் இல்லை. பட்டதும் உண்மையிலேயே கால்தான். எங்கள் அப்பாவின் வலது கால்.

நாங்கள் உடன்பிறந்த சகோதரிகள் இருவர். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பிலும் இளையவள் ஒன்பதாம் வகுப்பிலும் நம் பள்ளியில் படிக்கிறோம். சென்ற ஆண்டே எங்கள் அனுபவத்தை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தமிழாசிரியை கேட்டார்கள். அப்போது வழக்கு முடியவில்லை. எங்கள் மனமும் ஆறவில்லை. இவ்வாண்டு எழுதத் துணிந்தோம். தோழியர் பலரின் தந்தையரும் அண்ணன்மாரும் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படட்டும் என்பதே எங்கள் விருப்பம்.

2023 ஜனவரி மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். அப்பா சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிட்டர் வேலை. கிரேன் ஏணியில் ஏறிப் பழுது பார்ப்பதில் அவருக்கு நல்ல பெயர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் கவரைப்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு நெடுஞ்சாலை வழியே வந்துகொண்டிருந்தார். முன்னே சரக்கேற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போனது. எடை மேடைக்குச் செல்லும் வழியருகே அது சைகை விளக்குப் போடாமல் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அப்பா வண்டியோடு அதன் பின்சக்கரத்தருகே விழுந்தார். தலைக்கவசம் உடைந்தது, தலை தப்பியது. வலது காலில் தொடையெலும்பும் முழங்காலும் நொறுங்கின.

சாலையோரத் தேநீர்க் கடைக்காரரும் வேறு ஆலைத் தொழிலாளர்கள் இருவரும் 108-ஐ அழைத்து அவரை ஏற்றிவிட்டார்கள். ‘போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமே’ என்று அவர்கள் அஞ்சவில்லை. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரைச் சட்டம் காக்கிறது என்பதை நாங்கள் பின்னாளில் அறிந்தோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு அதற்காகச் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. அந்த இரண்டு நாட்களில் அம்மாவின் கைப்பையில் இருந்தது நானூறு ரூபாய்தான்.

ஐந்தாம் நாள் மருத்துவமனை வாசலில் ஒரு தரகர் எங்களைத் தேடி வந்தார். வெற்றுத் தாள்கள் சிலவற்றை நீட்டி, “இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கம்மா. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வருவதில் நூற்றுக்கு முப்பது எனக்கு. உங்கள் வீட்டுக்காரர் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார் என்று சொல்லிவிட்டால் போதும்” என்றார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அதற்குக் காரணம் தரகர் மீதிருந்த சந்தேகம் மட்டுமன்று.

அந்த லாரியை ஓட்டியவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர். விபத்து நடந்த இடத்திலேயே அழுதுகொண்டு நின்றார் என்று கேள்விப்பட்டோம். “அந்தப் பிள்ளை வயிற்றில் அடித்து வரும் காசு நமக்கு வேண்டாம்” என்றார் அம்மா. உறவினர்களோ இரண்டு கட்சியானார்கள். “ஆண்டவன் விட்ட வழி, விட்டுத் தள்ளு” என்றார் அத்தை. “லட்சக்கணக்கில் கறந்துவிடலாம்” என்றார் ஒரு மாமா. முதல் பேச்சு எங்கள் வயிற்றை நிரப்பவில்லை. இரண்டாவது பேச்சு எங்களைக் கூசச் செய்தது. இதற்கிடையில் அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்பதைச் சொல்ல அம்மா தலைமையாசிரியை அருட்சகோதரியைப் பார்க்க வந்தபோது நாங்களும் உடன் நின்றோம். சிஸ்டர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார்கள். “தண்டனை வேறு, இழப்பீடு வேறு. அந்தப் பையனை மன்னிப்பது உங்கள் மனசு. பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா, யோசித்துப் பாருங்கள்” என்றார்கள். பிறகு திருவள்ளூர் நீதிமன்றத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்படி வழி சொன்னார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து திருவள்ளூர் போவதென்றால், ரயிலில் சென்னை சென்று அரக்கோணம் மார்க்கத்தில் வண்டி மாற வேண்டும். இல்லையேல் பெரியபாளையம் வழியாகப் பேருந்து மாறிச் செல்ல வேண்டும். அம்மா பேருந்தில் போனார். அங்கே சொன்னவை எங்களுக்குப் புதியனவாக இருந்தன. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று ஒரு வழக்கறிஞர் பேரம் பேசுவது அவர்களுடைய தொழில் விதிகளுக்கே முரணானது. எங்களுக்காக ஒரு வழக்கறிஞர் அம்மையார் நியமிக்கப்பட்டார்.

அம்மா அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, “அந்த டிரைவர் தம்பி எங்கிருந்து பணம் கட்டும்?” என்பதுதான். அம்மையார் சிரித்துவிட்டு விளக்கினார். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும், பிறருக்கு ஏற்படும் தீங்குக்காகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும். லாரி உரிமையாளர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். காப்பீடு செல்லுபடியாகி, ஓட்டியவரிடம் முறையான உரிமமும் இருந்தால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அன்று மாலை வீடு திரும்பிய அம்மாவின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு தெளிவு கண்டோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 2023 மே மாதம் மனுக் கொடுத்தோம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அவ்விதியை எதிர்க்கும் வழக்குகள் நிலுவையில் இருப்பதால், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு இட்டது. ஆயினும் தாமதம் நல்லதன்று. நாள் செல்லச் செல்லத் தாள்கள் தொலையும். சாட்சிகள் ஊர் மாறிப் போவார்கள்.

தாள்கள் என்றோமே, அவற்றைச் சேர்ப்பது எங்கள் இருவரின் வேலையாயிற்று. முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது கொடுத்த சுருக்கக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, லாரியின் பதிவுச் சான்று, காப்பீட்டு நகல், அப்பாவின் ஓட்டுநர் உரிமம், மருந்துக் கடைச் சீட்டுகள், ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு என எல்லாவற்றையும் நாள்வாரியாக ஒரு கோப்பில் ஒட்டினோம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: சம்பளச் சீட்டு. ஒப்பந்தக்காரர் கையில் ரொக்கமாகவே கொடுத்து வந்தார். அப்பா பழைய காலண்டர் தாள்களைத் தைத்து உருவாக்கிய சிறு நோட்டில் ஷிப்டையும் ஓவர்டைமையும் எழுதி வைத்திருந்தார். அந்த எண்ணெய்க் கறை படிந்த நோட்டும் ஆவணங்களோடு சேர்ந்தது.

பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. அப்பாவை ஆட்டோவில் ஏற்றி, பேருந்தில் ஏற்றி, கைத்தாங்கலாக நீதிமன்றப் படியேற்றுவது அம்மாவுக்கு ஒரு நாள் வேலை. ஒரு நாள் கூலியும் போகும். மருத்துவக் குழு அப்பாவின் உடல் ஊனம் 35 சதவீதம் என்று சான்று கொடுத்தது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. முழங்கால் மடங்குவதில்லை.

2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அப்பா சாட்சி சொன்ன நாளை நாங்கள் மறக்க மாட்டோம். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றிருந்தோம். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பல கேள்விகள் கேட்டார். இறுதியாக, “நீங்கள் லாரியை இடப்பக்கமாக முந்தப் பார்த்தீர்கள், சரிதானே?” என்றார்.

மன்றம் அமைதியாயிற்று. அப்பா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “ஆமாம் ஐயா. வலப்பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரம். இடப்பக்கமாகப் போனேன். லாரி சைகை காட்டவில்லை, அதுவும் உண்மை” என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எனக்கு நினைவில்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வெளியே வந்ததும் எங்கள் வழக்கறிஞர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை. “தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். தெரிந்ததை மறைக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் குறையும், பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது 2025 மார்ச் மாதம் தெரிந்தது. தீர்ப்பின் நகலை நம் கணித ஆசிரியை சிஸ்டரிடம் கொண்டு வந்தோம். அவர்கள் கரும்பலகையிலேயே எங்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது.

அப்பாவின் மாத வருமானம் 14,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. நாற்பது வயதுக்குள் இருக்கும் நிலையான வேலையில்லாதவருக்கு, வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். இது ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 அக்டோபர் 31 அன்று தந்த தீர்ப்பின் வழி. ஆக மாதம் 19,600 ரூபாய். ஆண்டுக்கு 2,35,200 ரூபாய். இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் சரளா வர்மா வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில் அந்த அட்டவணை உள்ளது. 36 முதல் 40 வயது வரை 15. அப்பாவுக்கு அப்போது வயது 38. பெருக்கினால் 35,28,000 ரூபாய்.

இதில் 35 சதவீதந்தானே கிடைக்கும் என்று நினைத்தோம். அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. 2010 அக்டோபரில் ராஜ்குமார் வழக்கில் அதே நீதிபதி இதைத் தெளிவாக்கினார். ஒரு கையை இழந்தவர் தச்சராக இருந்தால் அவர் பிழைப்பே போய்விடும். எழுத்தராக இருந்தால் வேலையில் தொடரக்கூடும். எனவே அவர் முன்பு என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்க்க வேண்டும். “உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யலாமே” என்று எங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு வாதிட்டது. காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியைப் பற்றியும் இத்தகைய எண்ணம் எழுந்தபோது 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வருமானத்துக்குச் சீட்டுக் காட்டு என்று அத்தகையவரை வற்புறுத்துவதும் சரியன்று என்றது. எங்கள் அம்மையார் அத்தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார். ஏணி ஏற முடியாத பிட்டருக்குத் திறன் இழப்பு 50 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. அதன்படி 17,64,000 ரூபாய். வலி வேதனை, சிகிச்சைச் செலவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, போக்குவரத்து, சத்துணவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு முதலியவற்றுக்கு 4,36,000 ரூபாய். மொத்தம் 22,00,000 ரூபாய்.

இடப்பக்கமாக முந்தியதால் அப்பாவின் கவனக்குறைவும் சேர்ந்திருக்கிறது என்று அதில் 20 சதவீதம் கழிக்கப்பட்டது. கழிந்தது 4,40,000 ரூபாய். நின்றது 17,60,000 ரூபாயும் மனுச் செய்த நாள் முதல் வட்டியும்.

சிஸ்டர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டார்கள். எங்கள் கண் அந்த 4,40,000-இல் நின்றுவிட்டது. அது எங்கள் இருவரின் கல்லூரிப் படிப்பு. எங்களுள் மூத்தவள் இரண்டு நாட்கள் அப்பாவோடு பேசவில்லை. இளையவளும் அவள் பக்கம்தான்.

மூன்றாம் நாள் இரவு அப்பாவே எங்களை அழைத்தார். “கண்ணுகளா, கோபம் எனக்குப் புரிகிறது. அந்த டிரைவர் பையன் அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தான், பார்த்தீர்களா? அவன் மேல் போலீஸ் வழக்கு தனியாக நடக்கிறது. முழுத் தப்பும் அவனுடையது என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தால் நமக்குப் பணம் கூட வரும். அவனுக்கு என்ன ஆகும்? அவன் செய்ததை அவன் சுமக்கட்டும். நான் செய்ததையும் அவன் தலையில் ஏற்றலாமா? கம்பி வைத்தது என் காலில்தான், நாக்கில் இல்லை” என்றார். கடைசி வாக்கியத்தைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தப் பணம் இன்னும் எங்களுக்குத் தேவைதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்றுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. இழப்பீடு கேட்பது பிச்சை எடுப்பதாகாது. எவரையும் பழி வாங்குவதும் ஆகாது. நமக்கு நேர்ந்த இழப்பை எழுத்தெண்ணிக் காட்டி, சேர வேண்டியதைக் கேட்பதாகும். கணக்கு என்றால் இரு பக்கமும் சரியாக இருக்க வேண்டுமல்லவா? தரகர் சொன்ன பொய்யை அன்றே ஏற்றிருந்தால், வந்த ஒவ்வொரு ரூபாயும் எங்கள் கையைச் சுட்டிருக்கும்.

2025 ஆகஸ்டில் காப்பீட்டு நிறுவனம் தொகையைக் கட்டியது. தீர்ப்பாயத்தின் ஆணைப்படி ஒரு பகுதி வங்கியில் நிரந்தர வைப்பாக உள்ளது. அம்மாவின் சங்கிலி மீண்டது. கடன் தீர்ந்தது. அப்பா இப்போது ஒரு பட்டறையில் கருவிகளைத் தீட்டிக் கொடுக்கிறார். முன்பு வாங்கியதில் பாதிதான் கூலி. தரையில் எங்களோடு சம்மணமிட்டுச் சாப்பிட அவரால் இயலாது. அதற்காக நாங்கள் மூவரும் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டோம். எந்தத் தீர்ப்பிலும் அதற்கு விலை எழுதப்படவில்லை.

தோழியரே, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. நியூசிலாந்து நாட்டில் 1974 முதல், யார் தவறு என்று கேளாமலே விபத்தில் அடிபட்ட எல்லாருக்கும் பொது நிதியிலிருந்து உதவி செய்யும் முறை இருக்கிறது. நம் நாட்டிலும் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. மோதிய வண்டி எதுவென்று தெரியாமல் போனாலும் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இவை பலருக்குத் தெரியாமலே போகின்றன.

ஆகவே நாங்கள் வேண்டுவது சில. இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவின் வண்டிக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். அவர் வாங்கும் கூலியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இயன்றால் வங்கி வழியே வாங்கச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தால் ஒரு சீட்டையும் எறியாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். கேட்கக் கூசாதீர்கள், கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்குப் புறப்படும் அப்பாவிடம் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்து, “லாரியை இடப்பக்கமாக முந்தாதீர்கள் அப்பா, நீங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் நாங்கள் விழித்திருப்போம்” என்று சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

— சகோதரியர் இருவர்,
பன்னிரண்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு